எட்டாம் எண், இருபத்தோராம் வாரம்

இருக்கையை ஒரு பல் பின்னால் தள்ளினேன்.
ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கவில்லை,
இப்போது பிரேக்குக்குக் கால் எட்டவில்லை.
மறுபடி முன்னால்.

கிஷினாவில் நவம்பர். விடியுமுன் முதல் டிராலிபஸ்.
சீருடையின் கடைசி இரண்டு பொத்தான்களுக்கு
என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.
மார்பில் 'அனிஷோரா' என்ற பெயர்ப்பட்டை
கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
பல் துலக்கினால் ஈறில் ரத்தம்.
தொப்புளிலிருந்து கீழே பழுப்பாய் ஒரு கோடு,
எந்த ஊருக்கோ ரூட் போட்டதுபோல.

டாக்டர் லூப்பு சொன்னார்:
மக்காச்சோளக் கதிர் நீளம்.
புருவம் வந்தாயிற்று, மேலெல்லாம் பூனைமயிர்.
விரல்நுனியில் ரேகைகூட,
உலகத்தில் எதையும் தொடாத விரலில்.
காது கேட்கத் தொடங்கியிருக்கும்.
அசைவு தெரிகிறதா?

தெரிகிறது என்று பொய் சொன்னேன்.
பத்து மணி நேரம் அதிர்கிற வண்டியில்
எது மோட்டார், எது நீ?

சந்தை முனைத் திருப்பத்தில்
மேலே கம்பியை விட்டுக் கொம்பு நழுவியது.
விளக்கு போனது. இரைச்சல் போனது.
முட்டைக்கோஸ் மூட்டைக்காரர் உச்சுக்கொட்டினார்.
கையுறை மாட்டி, இறங்கி,
பின்னால் போய்க் கயிற்றை இழுத்துக் கொம்பை மாட்ட வேண்டும்.
நான்கு நிமிட வேலை.

ஒரு தட்டு.
இறங்கவேண்டியவர் என் கண்ணாடித் தடுப்பை
ஒற்றை விரலால் தட்டுவாரே, அப்படி.
திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.
பிறகு இன்னொன்று, கொஞ்சம் இடப்பக்கமாக.

"டிரைவரம்மா, என்ன ஆச்சு?"
பின்னாலிருந்து யாரோ.
"இருங்க" என்றேன்.
இன்னும் ஒரு தடவை தட்டட்டும்,
இறங்குகிறேன்.