இரண்டு வரி, ஆறு செக்கன்

வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து.
குற்றும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்.
யூனியன் பிளேசில், ஏசி ஒழுகும் அறையில்,
அமெரிக்கப் பொலிஸ்காரருக்கு
நான் தமிழ் எழுதிக்கொண்டிருந்தேன்,
பாகம் ஒன்றுக்கு எழுநூற்றைம்பது ரூபாய்.

டோனட்டுக்குச் சீனிப் பணிஸ் என்றார் நிஸாம்டீன்.
ஓட்டை போட்ட பணிஸ் என்றேன் நான்.
அபேகோன் சேர் எட்டிப் பார்த்து,
படத்தில் தெரியுதுதானே, வெட்டுங்கள் என்றார்.
வெட்டினோம்.

எந்தப் பாகத்தை எடுத்தாலும்
குப்பைத்தொட்டி அருகே ஒரு சடலம்,
மஞ்சள் நாடா, காகிதக் கோப்பையில் கோப்பி,
மனைவி விட்டுப்போன ஒரு துப்பறிவாளர்.
பிறகு ஒரு தலைமயிர், இல்லாவிட்டால் ஒரு பஸ் ரிக்கற்.
பால்மாவும் சவர்க்காரமும் போக
நாற்பத்தாறு நிமிடத்தில்
செத்தவருக்குப் பதில் கிடைத்துவிடும்.

அந்தப் பதிலுக்காகவே பார்ப்பான் குகதீசன்,
வெள்ளவத்தை லொட்ஜில் எனக்குப் பக்கத்து அறை,
கணக்கியல் படிக்கவந்த பளைப் பொடியன்.
புதன் இரவு ஒன்பதரைக்கு
பிளாஸ்டிக் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு
என் வரிகளில் பிழை பிடிப்பான்.
ரெயில் போனால் சத்தம் கேளாது,
அப்போது என் எழுத்துத்தான் கதை.
"அக்கா, விசாரணைக்கு ரெண்டுசுழி போட்டிருக்கிறியள்."

கைவிலங்கு பூட்டும்போது ஒரு வசனம் வரும்,
வேகமாக, ஐயர் மந்திரம் மாதிரி.
அதற்கே எனக்கு ஒரு பகல் போயிற்று.
பேசாதிருக்க உமக்கு உரிமை உண்டு.
உமக்கா, உனக்கா, உங்களுக்கா?
கொலைகாரனுக்கு என்ன மரியாதை என்றார் நிஸாம்டீன்.
பிறகு கோப்பையைக் கீழே வைத்து,
"இங்கத்தைய பொலிஸ் என்னண்டு கூப்பிடும்?"
அதற்குச் சிங்களத்தில் ஒரு சொல் இருக்கிறது.
சின்னச் சொல், வரிக்குள் அடங்கும்.

உங்களுக்கு என்றே போட்டேன்.
இரண்டு எழுத்துக் கூடிவிட்டது.
கீழ்வரியில் இடமில்லை,
அங்கே அவர் சொல்வதெல்லாம்
அவருக்கு எதிராகவே நின்றது.
உண்டு என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

மாசியில் ஓரிரவு, இரண்டு நாற்பது.
தட்டியவர்கள் வாரண்டைப் பற்றிப் பேசவில்லை,
மனேச்சர்தான் பதிவுக் கொப்பியோடு முன்னே நின்றார்.
குகதீசனின் பொலிஸ் பதிவு
முடிந்து நாலு நாள்.
சிங்களத்தில் கேட்டார்கள்.
விளங்காமல் பேசாமல் நின்றான்.
ஏன் பேசுகிறானில்லை என்று அதையும் கேட்டார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்,
மருதானையில் பிறந்தவள்.
அரைக் கதவுக்குப் பின்னால்
நானும் பேசாமல் நின்றேன்.

பத்தொன்பது நாளில் வந்தான்.
பெட்டியை எடுக்கத்தான் வந்தவன்.
தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.
"மூண்டு பக்கம் அக்கா, சிங்களத்தில.
கையெழுத்து வைச்சனான்.
பிழை பாக்க ஏலாமப் போச்சு."

அடுத்த கசெற் வியாழன் வந்தது.
குப்பைத்தொட்டி. நாடா. கோப்பி.
கைவிலங்கு பூட்டினார்கள், வாய் அசைந்தது.
அந்த ஆறு செக்கனுக்கும்
கீழே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
அபேகோன் சேர் பார்த்தார், கையொப்பமிட்டார்.
ஒளிபரப்பானது.
ஒருவரிடமிருந்தும்
முறைப்பாடு வரவில்லை.