ஒற்று

ஜாம் பஜாரில் கரண்ட் போய் வந்த இரவு
டெக்ஸ்ட் எடிட்டருக்கு ஒரு புது வேலை கற்றுக்கொடுத்தேன்:
'அந்த', 'இந்த', 'எந்த' –
பின்னால் க, ச, த, ப வந்தால்
நடுவே ஒற்றைச் செருகு.

ஏழு வரி. ஓர் அடைப்புக்குறி குறைந்ததில்
மூன்று முறை முறைத்தது. பிறகு ஓடியது.

நானூறு பக்க நாவலில்
ஒரே தட்டலில் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்,
டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மாதிரி.

அறுபதாம் பக்கத்தில்
காசிமேட்டு ரஞ்சிதம் கத்துகிறாள்:
"அந்தக் கய்தய உள்ள வுடாத!"

அந்த 'க்'
அவள் வாயில் மீன்முள்.

அன்டூ.
எட்டாவது வரி சேர்த்தேன்:
மேற்கோள்குறி திறந்திருந்தால்
திரும்பிப் போ.

மறுபடி ஓடவிட்டேன்.
அவள் வாசல்வரை போய்
நின்றது கய்த.