செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

கோத்தகிரியில் எங்கள் தெருவுக்கு
ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
செவ்வாய் வந்தால் அடுத்தது வியாழன்,
வியாழனுக்கு அடுத்தது சனி.
பழகினால் அதுவும் ஒரு பஞ்சாங்கம்.
நீல டிரம் இரண்டு, குடம் ஆறு,
மாடியில் ஐந்நூறு லிட்டர் கறுப்புத் தொட்டி.
இருப்பது நான் ஒருத்தி.
ஐந்தாம் நாளே தொட்டியின் அடி தெரிகிறதென்றால்
யார் குடித்தது?

இரவில் கேட்டேன்.
கக்கூஸுக்குள் யாரோ
குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
"ஸ்ஸ்ஸ்" என்று சொல்வதுபோல
விடிய விடிய.

வீட்டுக்காரர் கோயம்புத்தூரில்.
"ஆள் அனுப்பறேம்மா."
அந்த ஆள் பெள்ளிராஜ் அண்ணன்.
அவர் வெள்ளை உடுத்தி
ஹெத்தை ஹப்பாவுக்குப் போயிருக்கிறார்.
"முடிச்சுட்டு வந்துர்றேன் தங்கச்சி."
போனில் அவருக்குப் பின்னால் ஒரு ஊரே ஆடியது.
சாமி காரியம். கோபிக்கவும் முடியாது.

ஆகவே பீட்ரூட்.
பொரியலுக்கு அவித்த தண்ணீரை
ஃப்ளஷ் டேங்க் மூடியைக் கழற்றி உள்ளே ஊற்றிவிட்டு
அரைமணி நேரம் பட்டாணி உரித்தேன்.
திரும்பிப் போனால்
வெள்ளைப் பீங்கானின் உள்சுவரில்
நூல்போல ஒரு சிவப்பு
இறங்கிக்கொண்டிருக்கிறது.
திருடன் சிக்கினான்.
ஆனால் அங்கே சிவப்பைப் பார்த்ததும்
மனசு தேதி எண்ணப் போய்விட்டது,
நின்று ஒரு வருஷம் ஆன பிறகும்.

பீரான் கடையில் கேட்டார்கள்:
"ஒரு பட்டனா, ரெண்டு பட்டனா?
வீட்ல ஆள் இல்லையா?"
"ரெண்டு பட்டன்" என்றேன்.
அடுத்த கேள்விக்குச் சில்லறை தேடுவதுபோல்
பையைக் கிண்டினேன்.

தேயிலை ஆலையில் பதினாறு வருஷமாய்
தராசு மேடையில் நிற்கிறேன்.
சாக்குக்குள் கைவிட்டு
இலையில் எத்தனை கிலோ மழை என்று சொல்லிக்
கழித்துவிடுவேன்; ஒருவர் மறுத்ததில்லை.
உள்ளங்கையளவு ஒரு வாசர் எனக்குத் தெரியாதா?
தெரியவில்லை.
இரண்டு அளவிலும் ஒன்று வாங்கினேன்.
டெஃப்லான் டேப்போடு சரியாய் நூறு ரூபாய்.

ஆங்கிள் காக் திரும்ப மறுத்தது.
ஊறுகாய் பாட்டிலுக்குச் செய்வதுபோல்
ஈரத்துணி சுற்றி,
ஒரு கெட்டவார்த்தை சொல்லித்
திருப்பினேன்.

வெளியே புல்லின் மேல் உப்பாய் உறைபனி,
ஒன்பது மணிக்கும் கரையாமல்.
டேங்குக்குள் முழங்கைவரை விட்டேன்.
கை மரத்து
எது விரல் எது ரப்பர் என்று தெரியவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு
விமலா டீச்சர்:
"அதையெல்லாம் நாமளா தொடறது?"
அந்த "நாம" யார் யார் என்று நான் கேட்கவில்லை.
இந்த டேங்கில் கிடப்பதும்
அவர் சாமி படத்தின் முன் சொம்பில் வைத்திருப்பதும்
ஒரே செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்.

பழைய வாசர் கழன்று
மையாய் விரலில் ஒட்டிக்கொண்டது.
புதியதில் சின்னது நழுவியது.
பெரியது,
இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்பதுபோல்
உட்கார்ந்தது.

காக்கைத் திறந்தேன்.
தண்ணீர் ஏற, மிதவை ஏற,
மூடியில்லாத டேங்கைக் குனிந்து பார்த்தபடி
பால் பொங்கக் காத்திருப்பவள்போல் நின்றேன்.
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே
நின்றது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.
சத்தம் போன இடத்தில்
என்னென்னவோ வந்து உட்கார்ந்தன:
ஆலையின் காற்றாடி,
சரிவில் லாரி கியர் மாற்றுவது,
குப்பைத்தொட்டி அருகே காட்டெருமை
மூக்கால் விடும் பெருமூச்சு.

பிறகு
டக்.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
ஆங்கிள் காக்கின் கழுத்தில் ஒரு சொட்டு
பருத்துக்கொண்டிருந்தது.
என் மூச்சு பதினொன்றுக்கு ஒன்று.
டேப்பை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.

டம்ளரை அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.
காலையில் அது முக்கால் நிறைந்திருந்தது.
எங்கே ஊற்றுவதென்று தெரியாமல்
கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தேன்.
வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.