இடையில் ஒரு மாடு

காலை நாலரைக்குச் சங்கத்தில் விளக்குப் போடுவேன்.
அறுபத்திரண்டு உறுப்பினர், அறுபத்திரண்டு தூக்குவாளி.
ஒவ்வொன்றிலும் கண்ணாடி மிதவையை இறக்கி
அது நிற்கும் கோட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
இருபத்திரண்டில் நின்றால்
தண்ணீர் என்று சொல்ல மாட்டேன்.
"உங்க பக்கம் மழை பலமோ?" என்பேன்.
மாரண்டஅள்ளி ரோட்டில்
ஆறு மாதமாய் மழையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும்
சட்டையை வாசலுக்கு வெளியிலேயே கழற்றி
முழங்கை வரை சோப்புப் போட்டு
நகக்கண்ணையும் தேய்த்த பிறகுதான்
லோகித்தைத் தூக்கலாம்.
பால் ஒரு சொட்டுப் பட்டால் உதடு தடித்துவிடும்.
ஒரு காதுகுத்தில்
பாயசம் தொட்ட விரலை வாயில் வைத்தான்.
அன்றிரவு தருமபுரி ஆஸ்பத்திரியில் இருந்தோம்.
டாக்டர் தாளில் எழுதினார்:
பால் தயிர் மோர் நெய் பன்னீர்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே கோடு.
அடியில் சின்னதாக,
சோயா கொடுத்துப் பார்க்கலாம்.

எனக்குத் தெரிந்த சோயா இரண்டுதான்.
பந்தியில் கறிபோல் நடிக்கும் மீல்மேக்கர்,
தொழுவத்தில் ஊறும் புண்ணாக்கு.
"அந்தச் சோயாவா?" என்றேன்.
"அதேதான்" என்றாள் நாகவேணி.
"அதத் தின்னுட்டு மாடு பால் குடுக்குது,
அந்தப் பால் இவனுக்கு ஆவல.
எடையில ஒரு மாடு எதுக்கு?"
பாலக்கோடு தக்காளி மண்டியில்
எட்டு வருஷம் கமிஷன் கணக்கு எழுதியவள்.

ராத்திரி ஊறியதும் கொட்டை இரண்டு பங்காகும்.
தோலைப் பிதுக்கி, மிக்சியில் அடித்து,
துணியில் பிழிந்து அடுப்பேற்றுவாள்.
மாட்டுப்பால் ஏடு கட்டி, விளிம்பில் முனகி,
பொங்கப் போவதைச் சொல்லிவிடும்.
இது சொல்லாது.
மூன்று தடவை அடுப்பை அணைத்தது.
பச்சை வாடை போக எத்தனை கொதி என்று
அவளுக்கு மூக்குதான் சொன்னது.

பிறகு கட்டியாக்க ஆசை வந்தது.
முதல் தடவை எலுமிச்சை போதாமல்
பாலும் இல்லை, பன்னீரும் இல்லை.
அடுத்த தடவை புளியைக் கரைத்து ஊற்றினாள்.
உடனே திரிந்தது, செங்கல் நிறத்தில்.
பூண்டு தட்டிப் போட்டு வதக்கினாள்,
நான் இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டேன்.
மூன்றாவது,
அடுப்பிலிருந்து இறக்கி, நுரை அடங்கியதும்,
மூன்று கரண்டி எலுமிச்சை, ஒரே பக்கமாய் ஒரு சுற்று.
வெள்ளை ஒதுங்க, இளமஞ்சளாய்த் தண்ணீர் பிரிந்தது.

வேட்டித் துணியில் கட்டிப் பலகை வைத்தாள்.
பாரத்துக்குச் சங்கத்துக் கேனை எடுத்தேன்.
"அத வைக்காதீங்க. பால் பட்டது."
அந்த வாரம் தக்காளி கிலோ மூன்று ரூபாய்.
விற்காமல் திரும்பிய கூடையைத்
தூக்கி வைத்தாள்.
ஒரு மணி நேரம் அழுத்திய தக்காளியே
மத்தியானம் தொக்காகி
துண்டு துண்டாய் நறுக்கிய சோயாவைச் சுற்றி நின்றது.
லோகித் ஏழு துண்டு தின்றான்.
நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டாவதை என் வாயில் திணித்தான்.

பிழிந்த சக்கையில் பாதி அடைக்கு.
மீதியைத் தொழுவத்தில் வைத்தேன்.
மாடு நக்கி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.
"அதோட கமிஷன்" என்றாள் உள்ளேயிருந்து.

எனக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை.
இந்தப் பால் எந்தக் கோட்டில் நிற்கும்?
சங்கத்து மிதவையை வீட்டுக்குள் விட மாட்டாள்.
தருமபுரியில் புதிதாக ஒன்று வாங்கி
அவள் வளையல் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை, ஆறிய பாலில் இறக்கினேன்.
ஆடியது. ஆடி
பதினேழில் நின்றது.
சங்கமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"எவ்ளோப்பா?" என்றான் லோகித்,
டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
பழக்கத்தில் வாய் திறந்தது.
நாகவேணி கரண்டியோடு நின்று
நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாள்.
"மழை பலம்" என்றேன்.
அவன் ஜன்னலுக்கு ஓடி
வெளியே கையை நீட்டிப் பார்த்தான்.