லைப்ரரி கணக்கு

அரண்மனை நூலகத்தில் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
பேனா, தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம்
மூன்றையும் வாசல் மேசையில் ஒப்படைத்துவிட்டு
மோடி எழுத்துக் கட்டைப் பிரிக்கிறேன்.

முதலில் கோடு இழுத்து அதில்
துணி காயப்போட்டதுபோல் தொங்கும் எழுத்து.
எங்கள் வீட்டு மராத்தியில் பாதி தமிழ்,
இந்தத் தாளின் மராத்தியில் பாதி புளி, மிளகு, பெருங்காயம்.
சமையல்கட்டுச் செலவு.
விருந்தாளி வந்த நாளில் கத்தரிக்காய் முந்நூறு.
வெங்காயம் உரிப்பவள் ஒருத்தி,
நான்கு மாதச் சம்பளம் பாக்கி.
அவ்வளவுதான். ஒருத்தி.

எனக்கு உதவித்தொகை வந்து ஐந்து மாதம்.
ஒரு மாதம் அவளை முந்திவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு மேல்
கத்தரிக்காய் என்ற சொல்லை
வெறும் சொல்லாகப் படிக்க முடிவதில்லை.

வெளியே சுற்றுலாப் பேருந்து நிற்கிறது.
தொப்பிகள் இறங்கி
தலையாட்டி பொம்மைகளுக்குத் தலையாட்டிவிட்டு
ஏசி ஹோட்டலுக்கு நடக்கின்றன.
அங்கே தட்டில் வாழையிலை அச்சடித்திருக்கும்,
சாப்பாடு முந்நூற்று இருபது.
நான் இடப்பக்கச் சந்தில் திரும்புகிறேன்.

மூன்றாவது கதவு. பெயர்ப்பலகை கிடையாது.
பலகை தொங்கிய கொக்கி இருக்கிறது,
அதில் மரியசூசை அண்ணனின் சட்டை.
சட்டை தொங்கினால் கடை உண்டு.
சாப்பாடு அறுபது, ரசம் சாதம் மட்டும் முப்பது.
அப்பளம் கேட்பவர்களுக்குத்தான்.
புது ஆற்றில் தண்ணீர் விட்டால் கெண்டைக் குழம்பு,
விடாத மாதத்தில் முட்டை.

ஆறு பேர் பெஞ்சில் எட்டு பேர்.
சேலத்திலிருந்து வேன் ஓட்டி வந்தவரிடம்
பெரிய கோயில் பார்த்தாச்சா என்று கேட்டால்
"பார்க்கிங் பார்த்தேன்" என்கிறார்.
கோயில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர்
இரண்டாம் சோறு வாங்குகிறார்.
கலைக்கூடத்துக் காவலாளி குழம்பில் விரல் அளைந்தபடி,
"எங்க ஹால்ல ஒரு வெண்கலச் சாமி
ஓடு ஏந்தி நிக்குது.
பன்னெண்டு வருசமா பாக்குறேன், ரொம்பவே இல்ல."
யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்,
மோர் மூக்கில் ஏறியது.

கல்லாவில் நோட்டு.
வேன் – வரவு அறுபது.
வாட்ச்மேன் – மாசக் கடைசி.
லைப்ரரி – ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
லைப்ரரி நான்தான்.
யமுனா என்ற பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

கை கழுவும் தொட்டிக்கு அந்தப் பக்கம்
சின்ன வெங்காயக் குவியலும் ஒரு முதுகும்.
இரண்டு வருடமாக அந்த முதுகை மட்டும் பார்த்திருக்கிறேன்.
இன்று கேட்டேன்.

"பேரா? எதுக்கு, ரேஷன் கார்டுக்கா?"
"சும்மா எழுதி வைக்க."
"எழுதி?"
என்னிடம் பதில் இல்லை, பென்சில் இருந்தது.
"அபயாம்பாள். மாயவரம்.
நீட்டுப் பேரு, அண்ணன் அபின்னு கூப்பிடுவாரு."
கத்தி நிற்கவில்லை.
"சம்பளம் ரெண்டு மாசமா நிக்குது.
கேட்டா, லைப்ரரி பாக்கி வரட்டும்ங்குறாரு.
பெரிய ஆபீஸ் போல.
நீ அந்தப் பக்கம்தானே போற,
யாருன்னு தெரிஞ்சா சொல்லு."

குழாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.
கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

இரண்டு மணிக்கு அதே மேசை, அதே தாள்.
ஒருத்தி. நான்கு மாதம் பாக்கி.
அந்த வரிக்குப் பின்னால்
ஒரு விரல் அகலம் காலியாக இருக்கிறது.
யார் கொடுக்காததால் நின்றது என்று
கணக்கப்பிள்ளை எழுதவில்லை.
கட்டைக் கட்டிவிட்டு
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன்,
மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்க்கும்வரை.

நாளையிலிருந்து ரசம் சாதம்.
முப்பது. ரொக்கம்.