லாச்சி

பங்களாவுக்கு பைபர் கதிரைகள் வந்து இறங்கிய வருஷம்
பழையதையெல்லாம் ஏலம் விட்டார்கள்.
நாங்கள் எடுத்தது இரண்டு.
தோல் கதிரை ஒன்று, அதன் கையில் நாய் கீறிய நான்கு கோடு.
தேக்கு மேசை ஒன்று, ஒரே ஒரு லாச்சி.
லயத்து வாசலில் மேசை நுழையவில்லை.
கூரைத் தகரம் இரண்டைக் கழற்றி
கயிறு கட்டி மேலிருந்து இறக்கினோம்.
அன்றிலிருந்து அந்த மூலை ஒழுகும்.

தலவாக்கலையில் ஜூன் என்றால்
போர்வை உலராது, விறகு பற்றாது.
கதிரையில் பூஞ்சணம் பூக்கும்,
முதலில் தையல் ஓரத்தில் திருநீறு தொட்டு வைத்த மாதிரி,
பிறகு முதுகு முழுக்க.
வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் துடைக்க வேண்டும்,
உள்ளே உதறினால் சுவரெல்லாம் அதன் விதை.
காய்ந்த துணியால் ஒற்றி,
வினாகிரிக்குச் சரிபாதி தண்ணீர் விட்டு
துணியைப் பிழிந்து பிழிந்து
ஈரம் இருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும்போது துடைப்பேன்.
அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும்.
ஜன்னல் பக்கம் வைத்தால் சாரல்.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
இரண்டுக்கும் தூரமான இடம் ஒன்றுதான்,
அங்கே நாங்கள் படுத்திருந்தோம்.
கதிரை அங்கே போனது.
நாங்கள் சாரல் பக்கம்.

சந்திரமோகனுக்குப் பொறுமை இல்லை.
நான் கொழுந்துக்குப் போயிருந்த ஒரு நாள்
தன் கல்யாணச் சப்பாத்துக்கு வாங்கிய கபில நிறப் பொலிஷை
டப்பா காலியாகும்வரை கதிரைக்குப் பூசிவிட்டார்.
அன்றைக்கென்று ஏஜென்சி நெல்சன் வந்தார், வெள்ளைச் சட்டை.
சாய்ந்து உட்கார்ந்து குவைத்தைப் பற்றிச் சொன்னார்,
இரண்டு வருஷம், வீட்டு வேலை, நல்ல மனுஷர்கள்.
எழும்பிப் போகையில்
அவர் முதுகில் பாதிக் கதிரை போனது.
நான் சிரித்தேன்,
அவர் வளைவைத் தாண்டிய பிறகு.

பாஸ்போர்ட் லாச்சியில்.
மழைக்கு மேசையும் குடிக்கும், லாச்சி உப்பும்.
ஒவ்வொரு தையிலும் அதை முழுதாக உருவி
மாதா கோயிலில் மிஞ்சிய மெழுகுதிரித் துண்டால்
இரண்டு பக்கமும் தேய்த்து வைப்பேன்.
இந்தத் தையில் தேய்க்கவில்லை.
மறந்தேன் என்று சொல்லலாம்.
மெழுகுதிரி கண்ணெதிரே சாமித்தட்டில்தான் இருந்தது.

ஜூலை பதினான்கு மெடிக்கல் என்று நெல்சன் போன் எடுத்தார்.
சந்திரமோகன் மேசைக்காலில் பாதம் ஊன்றி இழுத்தார்.
பிடி கையோடு வந்தது.
உளி எடுத்தார்.
"நெம்புனா முகப்பு பொளந்துரும்" என்றேன்.
"இப்ப சீவுனா வெயிலுக்குக் கழண்டு ஆடும்" என்றேன்.
"காய்ஞ்சா அதுவே வரும்" என்றேன்.
எல்லாம் உண்மை.
ஒரு பொய்கூடச் சொல்லாமல்
ஒரு மனுஷனை இவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம் என்று
அன்றுவரை எனக்குத் தெரியாது.

உளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.
சுடு கோப்பை வைத்த வெள்ளை வட்டத்தை
விரலால் சுற்றிச் சுற்றி வந்தார்.
"இது போகுமா?"
"போகும். தேங்காயெண்ணெயில சாம்பலைக் குழைச்சு,
மரத்து ரேகையோட தேய்க்கணும், குறுக்கால வேணாம்."
அடுப்பிலிருந்து அவரே அள்ளி வந்தார்.
ருக்ஷிகா பள்ளி விட்டு வரும்வரை
அந்த ஒரு வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம், வெயில் வந்த நாலாம் நாள்,
நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில்
லாச்சி ஒரு விரல் அகலம் தானாக விலகி நின்றது.
இரண்டு பேரும் பார்த்தோம்.
பாஸ்போர்ட் ஓரத்திலும் பூஞ்சணம்.
வாசலுக்குக் கொண்டுபோய்
காய்ந்த துணியால் ஒற்றி நிழலில் வைத்தேன்.
படத்தில் இருந்தவள் மூக்கு வரைக்கும் தெளிந்தாள்.

சந்திரமோகன் சாமித்தட்டிலிருந்து மெழுகுதிரியை எடுத்து
என் கையில் தராமல்
மேசைமேல் வைத்துவிட்டு
வேலைக்குப் போனார்.