பாதி அட்டை

பாலக்கோடு மார்க்கெட்டில் இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று
நான் யாரையும் கேட்பதில்லை.
தீர்த்தகிரி எத்தனை மாத்திரை கேட்கிறார் என்று
பார்த்தால் போதும்.

கூடை நானூறு போனால்
ஒரு மாதத்துக்கு முழுசாக.
இருநூறு என்றால் பத்து நாளைக்கு.
அறுபது என்றால்
கடை வாசலில் வண்டியை அணைக்காமலே
"அஞ்சு குடு கண்ணு,
மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

வெட்டிக் கொடுப்பேன்.
கத்தரி பழகிய கை.
ரத்தம் உறையாமலிருக்க ஒன்று,
கொழுப்புக்கு ஒன்று,
துடிப்பை நிதானமாக்க ஒன்று.
வெட்டும்போது விலை ஒரு துண்டில் போகும்,
தேதி இன்னொரு துண்டில் தங்கும்.
எந்தத் துண்டு யாரோடு போனது என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

போன ஆடியில் அவருக்குச் சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் சிவப்பு மையில்
'ஒருநாளும் விடக்கூடாது' என்று தமிழிலேயே எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.
கோடு போட்ட இடத்தில்தான் மடிப்பு விழுந்து
காகிதம் கிழிந்திருந்தது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன்.
செடிக்கே அப்படித்தான் தண்ணி விடறோம்.
மனுசன் என்ன, செடிய விட ஒசத்தியா?"
கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்.

அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்குமே என்றேன் ஒருமுறை.
கிடைக்கும்,
அங்கே சீட்டுக்கு நிற்கிற நேரமும்
இங்கே ஏலம் விடுகிற நேரமும் ஒன்று என்றார்.
அதுவும் உண்மைதான்.

மாசியில் விலை விழுந்தது.
பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று
மாரண்டஅள்ளி ரோட்டோரம் கொட்டினார்கள்.
லாரி டயரெல்லாம் சிவப்பு.
அந்த வாரம் அவர் வரவில்லை.
அடுத்த வாரமும்.
வராதவர்களைக் கணக்கு வைக்க
எங்கள் கடையில் நோட்டு இல்லை.

விடிகாலை நாலரைக்கு மும்முனை கரண்ட் வந்து
மோட்டாரைப் போட்டுவிட்டு
வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்.
எழ முடியவில்லை.
பாத்தி நிறைந்து பக்கத்துக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்தபோதுதான்
ஆள் தேடி வந்திருக்கிறார்கள்.
ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிட்டதாம்.
பிழைத்துக்கொண்டார்.
இதயத்தில் ஒரு பக்கம் மட்டும்
பிழைக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து வந்தார்கள்.
மாதம்மாள் ஸ்கூட்டி ஓட்ட, அவர் பின்னால்.
சட்டை பெரிதாகியிருந்தது.
பழக்கத்தில் என் கை கத்தரிக்குப் போனது.
அவரும் பழக்கத்தில்தான் ஆரம்பித்தார்:
"இப்பத்தான் நல்லா இருக்கே,
அஞ்சு போதுமில்ல?"

மாதம்மாள் சத்தம் போடவில்லை.
காசை எண்ணிக்கொண்டே கேட்டார்:
"செடி நல்லாத்தான் நிக்குது.
கம்பப் பிடுங்கிடலாமா?"

முப்பது வருசமாகக்
கம்பு நட்டுச் சணல் கட்டிய விரல்கள் அவருடையவை.
கண்ணாடியில் ஒட்டியிருந்த
பேதி மருந்து விளம்பரத்தை
ரொம்ப நேரம் படித்தார்.

நூற்று முப்பது ரூபாய் குறைந்தது.
பற்று எழுதினேன்.
அடுத்த பக்கத்தைத் திருப்பி
பெயர், எத்தனை மாத்திரை, என்றைக்குத் தீரும்
என்று மூன்று கோடு கிழித்தேன்.
முதலாளி இதெல்லாம் எதற்கு என்றார்.
இப்போது அதில் பதினேழு பேர்.

இன்றைக்குக் கூடை எழுபது என்று
பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.
யாரையும் கேட்காமலே காதில் விழுந்தது.
தீர்த்தகிரி பெயருக்கு நேரே இன்றைய தேதி.

மணி எட்டு நாற்பது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிற்கிறேன்.
மழை வேறு தூறுகிறது, அதனால் இருக்கும்.
காலையில் வந்தாலும் வருவார்.
இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம்.

வேண்டாம்.
மாதம்மாள் நம்பர் எங்கே எழுதினேன்.